பச்சை மலைக் கட்சியும் பென்குயின் கட்சியும்

போன மாதம் ஒரு காலை, இட்லிக்கு எதைத் தொட்டுக்கொள்வது என்ற அன்றைய பெரும் பிரச்சினையில் நான் மூழ்கியிருந்தபோது பிரவீன் போன் செய்தான். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நான் வெளியே வந்த பிறகு என் நாற்காலிக்கு வந்தவன் அவன். நல்ல பையன். நாற்காலியின் குஷனைக்கூட மாற்றிவிட்டான் என்று கேள்வி.

"சார், ஸ்டெல்லா அக்காவுக்குப் புது மிஷின் வந்துகீது. பழச எடுக்க வுட மாட்றாங்க. நீங்க வந்தாத்தான் ஆவும்னு சொல்லிக்கினு கீறாங்க. அந்தப் பழைய மிஷின்ல விண்டோஸே இல்ல சார். வேற ஏதோ கீது."

வேற ஏதோ கீது! எதற்காக நான் பத்து வருஷம் சக ஊழியர்களோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேனோ, எதன் படத்தை ஸ்டிக்கராக வாங்கி என் டிபன் பாக்ஸில் ஒட்டியிருந்தேனோ, அது பிரவீனின் தலைமுறைக்கு 'வேற ஏதோ'. அவனைக் குற்றம் சொல்லவில்லை. இப்போது எல்லா வேலையும் இணையத்துக்குள் நடக்கிறது. கீழே எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடுகிறது என்று பார்ப்பது, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபின் இன்ஜின் என்ன கம்பெனி என்று விசாரிப்பது மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் காலத்தில் அப்படி இல்லை. யானை நெற்றியில் எந்த நாமம் போடுவது என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்ட மாவட்டம் இது. கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவைத்திருப்போமா?

உத்திரமேரூரில் விதையும் உரமும் விற்கும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் என் உத்தியோகம். டைப்பிஸ்டாகத்தான் சேர்ந்தேன். டைப்ரைட்டர்களை எடுத்துப்போய்க் கம்ப்யூட்டர்களை வைத்தபோது, மிச்சமிருந்த ஊழியர்களில் சுவிட்சைத் தொடப் பயப்படாதவன் நான் ஒருவன்தான் என்பதால் 'சிஸ்டம்ஸ் பொறுப்பு' என் தலையில் விழுந்தது. காஞ்சிபுரத்தில் ஆறு மாத வகுப்பு. அதில் கற்றது, அணைத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும் என்பது. மீதி சர்வீஸ் முழுக்க அதை வைத்தே ஓட்டியிருப்பேன். இடையில் ஒரு பத்திரிகையோடு இலவசமாக ஒட்டி வந்த சிடியில் எனக்கு லினக்ஸ் அறிமுகமாயிற்று. யாரும் காசு கேட்காத, யாரும் சொந்தம் கொண்டாடாத சிஸ்டம். அதன் சின்னம் பென்குயின். ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் அதன் ஆர்வலர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். போனேன். தயிர் சாதம் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது நான் மதம் மாறியிருந்தேன்.

புதிதாக மதம் மாறியவன் சும்மா இருக்க மாட்டான். ஆபீஸில் யாருடைய கம்ப்யூட்டராவது தடுமாறினால், "இதுக்குத்தான் சொல்றேன்" என்று ஆரம்பிப்பேன். பிரின்டரில் பேப்பர் தீர்ந்துபோனாலும் ஆரம்பிப்பேன்.

எதிர்க்கட்சித் தலைவர் எங்கள் செயலாளர் தேவராஜன். பழையசீவரத்துக்காரர். பாலாற்றங்கரையில் பரம்பரை நிலம். அவருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதை ஏறும். சாதாரணமாக "சம்பத்". லேசான கோபமென்றால் "சம்பத் சார்". "சம்பத் அவர்களே" என்று வந்துவிட்டால் மெமோ தயாராக இருக்கிறது என்று அர்த்தம். சர்க்குலர்களை நின்றுகொண்டுதான் படிப்பார். வராண்டாவில் படுத்திருக்கும் நாயைக்கூட "கொஞ்சம் நகருங்க" என்று சொல்லித்தான் தாண்டுவார்.

அவருடைய விண்டோஸ் பக்திக்குக் காரணம் தொழில்நுட்பமில்லை. அந்தக் காலத்து விண்டோஸைத் திறந்தால் திரையில் ஒரு பச்சை மேடும் நீல வானமும் வருமே, அதுதான். முதல்நாள் அதைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாராம். பிறகு, "இது எங்க ஊர் மலை" என்றாராம். பழையசீவரத்து மலை கல்லும் முள்ளுமான மலை. கோயில் மதில் ஒரு பக்கம், புதர் மறு பக்கம். அது எந்தக் கோணத்தில் பார்த்தாலும் இப்படி இருக்காது என்று நான் ஒருமுறை சொல்லிவிட்டேன். "மழை பெஞ்ச மறுநாள் நீங்க ஆத்துக்குள்ள நின்னு பாத்திருக்கீங்களா, சம்பத் சார்?" என்றார். பார்த்ததில்லை. விவாதம் அதோடு முடிந்தது.

காசாளர் கோதண்டமும் அந்தக் கட்சிதான். அவர் பக்திக்குக் காரணம் சீட்டாட்டம். மதியம் கவுண்டரை மூடியபின் அந்தப் பச்சைத் திரையில் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பார். கேட்டால், "மவுஸ் பழகிக்கினு கீறேம்பா" என்பார். பன்னிரண்டு வருஷமாகப் பழகிக்கொண்டிருந்தார். தவிர, காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் ரிஃப்ரெஷ் என்பதை நாலைந்து முறை அழுத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். கோயில் வாசலில் கன்னத்தில் போட்டுக்கொள்வது மாதிரி. ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம், சிபியூவின் மேல் எலுமிச்சம்பழம். லினக்ஸ் போட்ட என் மிஷினுக்கு மட்டும் குங்குமம் வைக்காமல் போய்விடுவார். இது நாத்திக மிஷின் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

இந்த இரண்டு கட்சிக்கும் வெளியே இருந்தவர் ஸ்டெல்லா.

பக்கத்துக் கிராமத்துப் பெண். சின்ன வயதில் காய்ச்சல் வந்து பார்வை போய்விட்டது. விடுதியில் தங்கிப் பார்வையற்றோர் பள்ளியில் படித்து, ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் எங்கள் சங்கத்துக்கு வந்தார். வந்த புதிதில் அவருக்குக் கொடுத்த வேலை, போன் பக்கத்தில் ஒரு ஸ்டூல். மணி அடித்தால் எடுத்து, "லைன்ல இருங்க" என்று சொல்லி யாரிடமாவது நீட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்து போன் வந்தால் அதிகம். மற்ற நேரமெல்லாம் ஸ்டூல்தான். "சம்பளம் வாங்கிக்கினு சும்மா குந்தினுகீற வேலை ஈசின்னு நெனைக்காதீங்க சார். இடுப்பு போய்டும்" என்பார்.

திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் ஒன்று உண்டென்று பள்ளித் தோழி மூலம் கேள்விப்பட்டு, தேவராஜனிடம் தானே போய் நின்றார். அவர் சர்க்குலர்களைப் புரட்டிப் பார்த்தார். கூடாது என்று எதிலும் இல்லை. ஆகவே ஒரு கம்ப்யூட்டர் கொடுத்தார். கொஞ்ச மாதத்தில் விதைப் பதிவு மேசை ஸ்டெல்லாவுடையது. விவசாயி ஊரும் பேரும் ரகமும் சொல்லச் சொல்ல அவர் அடிப்பார். கம்ப்யூட்டர் மூக்கடைத்த குரலில் தமிழில் கடகடவென்று திரும்பச் சொல்லும். எங்கள் காதுக்கு அது வெந்நீர் கொதிப்பது போலிருக்கும். அவருக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்கும். வெளியே நிற்பவர்கள் உள்ளே யாரோ ரேடியோ வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள்.

இப்படி இருக்கையில்தான் மேலிடத்திலிருந்து சர்க்குலர் வந்தது. எல்லாக் கம்ப்யூட்டரையும் லினக்ஸுக்கு மாற்ற வேண்டும். பழைய கணக்கு மென்பொருளைப் பார்க்க அலுவலகத்துக்கு ஒரே ஒரு மிஷினில் மட்டும் விண்டோஸை வைத்துக்கொள்ளலாம்.

தேவராஜன் அதை நின்றுகொண்டு இரண்டு முறை படித்தார். நான் உட்கார்ந்துகொண்டு பத்து முறை படித்தேன். அவ்வளவு சந்தோஷம். அன்று மாலை ஊழியர் கூட்டத்தில் எழுந்து நின்று, யாருக்கும் எந்தச் சிரமமும் இருக்காது, லினக்ஸ் எல்லாம் செய்யும் என்றேன். ஸ்டெல்லா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பேசுமா சார்?" பேசும் என்றேன். பேசும் என்று எங்கேயோ படித்திருந்தேன்.

அந்த ஒரு மிஷின் யாருக்கு? கோதண்டம் தனக்கென்றார், பழைய கணக்கெல்லாம் தன்னிடம்தான் இருக்கிறது என்றார். சீட்டுகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தேவராஜன் தனக்கென்று வாய்திறந்து கேட்கவில்லை. ஆனால் தன் திரையில் இருந்த மலையை அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்ததை எல்லோரும் பார்த்தோம். பிறகு, "ஸ்டெல்லாம்மா, அது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

"வேணாம் சார். கண்ணு தெரியாத பொண்ணு, பாவம்னு குடுத்தாங்கன்னு நாளைக்குச் சொல்லிக்கினு திரிவாங்க. கோதண்டம் சாரே சொல்லுவாரு."

"நான் எப்போம்மா சொன்னேன்?" என்றார் கோதண்டம்.

"இன்னும் சொல்லல. அதான் இப்பவே சொல்றேன்."

எங்கள் ஊரில் எந்த விழாவிலும் மைக்கைப் பிடித்தவர் முதலில் குடவோலையைச் சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார். சோழர் காலத்தில் ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கப் பேர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத சிறு பிள்ளையை விட்டு எடுக்கச் சொன்ன கதை. கோயில் சுவரில் கல்வெட்டாக இருக்கிறது. நாங்கள் அதைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. செய்து பார்த்த நாளும் இல்லை. தேவராஜன் செய்துவிடுவது என்று முடிவு செய்தார். பனையோலைக்கு ஆளனுப்பலாமா என்றுகூட யோசித்தார். கடைசியில் பழைய சர்க்குலர்களின் பின்பக்கத்தைக் கிழித்துச் சீட்டு ஆக்கினோம். குடத்துக்கு, குடிதண்ணீர் பிடிக்கும் பச்சை பிளாஸ்டிக் குடம்.

என் பேரை நான் போடவில்லை. என் கட்சிக்கு அது தேவையில்லை. தேவராஜன் தன் பேர், கோதண்டம் பேர், இன்னும் ஆசைப்பட்டவர்கள் பேர் எல்லாம் எழுதினார். ஸ்டெல்லாவின் பேருக்கு வந்தபோது பேனா நின்றது. மறுபடியும், "நல்லா யோசிச்சுக்குங்கம்மா" என்றார்.

ஸ்டெல்லா சொன்னது இன்றைக்கும் எனக்கு வரி பிசகாமல் ஞாபகமிருக்கிறது. "சார், அந்தக் கல்வெட்டுப்படி சொந்த நெலம் இருக்கணும், சொந்த மனையில வூடு இருக்கணும், ஆம்பளையா இருக்கணும். எங்கப்பா கூலிக்கு ஏரு ஓட்டனவரு. குடத்துல எங்க வூட்டுப் பேரு வுழறது இதான் மொத தடவ. அத்த ஏன் சார் கெடுக்கறீங்க? வந்தா வரட்டும், வராட்டி போவட்டும்."

தேவராஜன் பேரை எழுதி, மடித்து, போட்டார்.

சீட்டை எடுக்கச் சிறு பிள்ளை வேண்டும். பக்கத்துப் பால்வாடி அதற்குள் விட்டிருந்தது. "நானே எடுக்கறேன் சார்" என்றார் ஸ்டெல்லா. "இங்க எழுத்து தெரியாத கண்ணு என்னாண்டதான் கீது."

கோதண்டம் அரை நிமிஷம் யோசித்துவிட்டு, அதுவும் நியாயம்தான் என்றார். ஸ்டெல்லா முழங்கை வரை குடத்துக்குள் விட்டுத் துழாவினார். ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். தேவராஜன் வாங்கிப் பிரித்தார். மூக்குக் கண்ணாடியைக்கூடச் சரிசெய்துகொள்ளவில்லை. பிரித்த கையோடு படித்தார்.

"கோதண்டம்."

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கோதண்டத்துக்கே முகம் என்னவோ போலாகிவிட்டது. முதலில் சிரித்தது ஸ்டெல்லாதான். "இன்னா சார், ஜெயிச்சவரு ஒரு டீ கூட வாங்கித் தர மாட்டாரா?"

கூட்டம் கலைந்தபின் தேவராஜனின் அறைக்குப் போனேன். எனக்கு மனசு ஆறவில்லை. லினக்ஸ் பேசுமா என்று அதற்குள் எனக்கே சந்தேகம் வந்திருந்தது என்பதும் ஒரு காரணம். "சார், சீட்ட நீங்க மட்டும்தானே பாத்தீங்க. ஸ்டெல்லா பேரையே படிச்சிருந்தா யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சம்பத் அவர்களே, அந்தக் கூடத்துல நான் படிச்சதைத் தன் கண்ணால சரிபாக்கவே முடியாதவங்க அந்தம்மா ஒருத்தர்தான். மத்தவங்க முன்னாடி நான் எப்படி வேணா தப்பாப் படிக்கலாம், எட்டிப் பாத்துக் கண்டுபிடிச்சுடுவாங்க. அவங்க முன்னாடி படிக்கக் கூடாது."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"லினக்ஸ் பேசும்னு கூட்டத்துல சொன்னது யாரு?"

"நான்தான் சார்."

"பேச வைங்க."

சம்பா பட்டத்துக்கு விதைநெல் பதிவு தொடங்க மூன்று வாரம்கூட இல்லை. அதற்குள் ஸ்டெல்லாவின் மிஷின் பேசாவிட்டால் பதிவு மேசைக்குத் தற்காலிகமாக வேறு ஆள். தற்காலிகம் என்றால் எங்கள் சங்கத்தில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்டெல்லாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். "ஒரு தபா அந்த மேசைய வுட்டு எழுந்தா மறுபடியும் ஸ்டூல்தான் சார்" என்றார். அதில் புகார் இல்லை. தகவல் சொல்வதுபோலச் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். அவருடைய பழைய பதிவுகளைத் தனி டிஸ்கில் நகலெடுத்து வைத்து, சரியாக நகலாகியிருக்கிறதா என்று திறந்து பார்த்து, பிறகு சிடியைப் போட்டு மாற்றினேன். திரையில் பென்குயின் வந்தது. பேச்சு வசதியை இயக்கினேன். "பேசுது பாருங்க" என்றேன்.

மௌனம்.

ஸ்டெல்லா பக்கத்தில் நாற்காலியில் காத்திருந்தார். "மௌன விரதமா சார்?"

அன்றைக்கு மதியம் வரை அந்த மௌனத்தோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் கண்டுபிடித்தேன்: அது பேசிக்கொண்டுதான் இருந்தது. மானிட்டருக்குள் ஸ்பீக்கர் இருப்பதாக நினைத்துக்கொண்டு அந்த வழியாகப் பேசிக்கொண்டிருந்தது. அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. நான் வருஷக்கணக்கில் செய்துவந்த பிரச்சாரமும் ஏறத்தாழ அப்படித்தான் என்று தோன்றியது. வழியை மாற்றிவிட்டேன். குரல் வந்தது, இங்கிலீஷில். தமிழைக் கண்டால் தொண்டையைச் செருமுவதோடு நிறுத்திக்கொண்டது. தமிழ்க் குரலைத் தேடி எடுத்து, சங்கத்து இணைய வேகத்தில் இறக்கி, ஒருவழியாகப் பொருத்தியபோது மாலையாகிவிட்டது. மூக்கடைத்த குரல் ஒன்று 'வணக்கம்' என்றது.

ஸ்டெல்லா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, இவன் எங்க இங்க வந்தான்?"

எனக்குப் புரியவில்லை. "எவன்?"

"அதே ஆளு சார். பழைய மிஷின்ல இருந்தவன். அதே மூக்கு."

உண்மைதான். இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருந்தது யாரோ புண்ணியவான்கள் இலவசமாகச் செய்துவைத்த ஒரே குரல். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். எந்தக் கோட்டையைப் பிடிக்க இத்தனை வருஷம் முழக்கமிட்டேனோ, அந்தக் கோட்டைக்குள்ளும் என் கோட்டைக்குள்ளும் ஒரே வாட்ச்மேன்.

ஆனால் குரல் மட்டும் வந்தால் போதவில்லை. பழைய மிஷினில் ஸ்டெல்லா ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போனால் 'ஊர்', 'ரகம்', 'மூட்டை' என்று தலைப்பைச் சொல்லும். இங்கே 'பி ஏழு', 'சி ஏழு' என்று பஸ் நம்பர் சொன்னது. விரலுக்குப் பழகிய குறுக்குவழிகள் எல்லாம் வேறெங்கோ போய் நின்றன. பழகிக்கொண்டால் சரியாகிவிடும் என்றேன். "நீங்க மானிட்டர அமத்திட்டு கொஞ்சம் பழகிக் காட்டுங்களேன்" என்றார்.

அணைத்தேன். காதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரே ஒரு விவசாயியைப் பதிவு செய்ய முயன்றேன். சற்று நேரத்தில் எந்த ஜன்னலில், எந்தப் பட்டியலில், எந்த மூலையில் நிற்கிறேன் என்று தெரியாமல் போயிற்று. குரல் பாட்டுக்கு ஏதேதோ சொன்னது. எனக்கு வியர்த்துவிட்டது.

"இன்னா சார், வூட்டுக்கு வழி தெர்லியா?"

அதன் பிறகுதான் வேலை ஒழுங்காக நடந்தது. கட்டங்களைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் ஒரு பெட்டியை நான் எழுதினேன். எதை முதலில் கேட்க வேண்டும் என்று ஸ்டெல்லா சொன்னார். நான் பேரை முதலில் வைத்திருந்தேன். "மொதல்ல ஊரக் கேக்கட்டும் சார். யாரும் பேரச் சொல்லிக்கினு வர மாட்டாங்க. ஊரச் சொல்லுவாங்க, அப்பா பேர் சொல்லுவாங்க, அப்புறந்தான் தன் பேர் ஞாபகம் வரும்." அப்படியே மாற்றினேன். ஒவ்வொரு பதிலும் என்டர் தட்டியதும் சேமிக்கப்பட்டுவிடும்படி செய்தேன். மிஷினைப் போட்டால் யாரும் எதையும் தொடாமல் குரல் தானாக வந்துவிட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. "ஒவ்வொரு தபாவும் உங்கள கூப்ட்டுக்கினு இருக்க முடியாது. நீங்க டீக்குப் போனா திரும்பி வர்றதில்ல." தினமும் மதியம் கவுண்டர் மூடிய பின் உட்கார்ந்தோம். அந்தப் பக்கம் கோதண்டம் சீட்டு அடுக்கும் சத்தம் வராது. எங்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பதிவு நாள் வந்தது. காலையிலேயே வாசலில் கூட்டம். குரல் ஊர் கேட்டது, பேர் கேட்டது, ரகம் கேட்டது. ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே அடித்தார். நான் பின்னால் தூணில் சாய்ந்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஜன்னலோரம் நிற்கும் தகப்பன் மாதிரி நின்றிருந்தேன். வரிசை பாதி நகர்ந்திருக்கும். கரண்ட் போயிற்று.

யுபிஎஸ் கொஞ்ச நேரம் கூவிவிட்டுத் தானும் படுத்துவிட்டது. வரிசையில் முணுமுணுப்பு. முன்னெல்லாம் நோட்டில் எழுதியபோது எவ்வளவு சீக்கிரம் முடிந்தது தெரியுமா என்றார் ஒருவர். கையில் துண்டோடு முன்னால் நின்ற பெரியவர், "இன்னாம்மா, பேசிக்கினே இருந்துச்சு, செத்துப்போச்சா?" என்றார். ஸ்டெல்லாவின் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே இருந்தன. எடுக்கவில்லை.

கரண்ட் திரும்பியது. எல்லா மிஷினும் ஒவ்வொன்றாக எழுந்தன. முதலில் வந்தது கோதண்டத்தின் பச்சை மலை. அவர் எழுந்து நின்றார். நான் எதிர்பார்க்கவில்லை.

"ஸ்டெல்லா, இங்க வந்து உக்காரும்மா. உன் பழைய சாமான்லாம் சம்பத்து இதுலயே போட்டுக் குடுப்பான். நான் நோட்டுல பாத்துக்கறேன்."

பன்னிரண்டு வருஷச் சீட்டாட்டத்தை அந்த மனிதர் அவ்வளவு கூட்டத்துக்கு முன்னால் தூக்கிக் கொடுத்தார். நானே ஸ்டெல்லாவைக் கைபிடித்து அழைத்துப்போயிருப்பேன். என் பென்குயின் இன்னும் கறுப்புத் திரையில் என்னவோ வரிவரியாகப் பிதற்றிக்கொண்டிருந்தது.

"இருங்க சார்" என்றார் ஸ்டெல்லா. "இவன் வரட்டும்."

காத்திருந்தோம். அந்த வரிசை முழுவதும் எதற்கென்று தெரியாமலே காத்திருந்தது. பிறகு மூக்கடைத்த குரல் வந்தது: 'ஊர்?'

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அது இன்னாம்மா, உன்ன வெரட்டுதா?"

"இல்ல நைனா. உங்க ஊரு கேக்குது. சொல்லுங்க."

அன்று மாலை கோதண்டம் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். குடத்தில் ஜெயித்ததற்கான டீ என்றார். அடுத்த ஆயுத பூஜைக்கு ஸ்டெல்லாவின் மிஷினுக்குக் குங்குமம் வைத்தார். என்னுடையதற்கு அப்போதும் இல்லை.

தேவராஜனின் விஷயம் மிச்சமிருந்தது. அவர் மிஷினையும் மாற்றிக் கொடுத்தேன். நீல நிறத் திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருநாள் நல்ல மழை. மறுநாள் காலை பஸ் ஏறிப் பழையசீவரம் போய், பாலாற்று மணலில் இறங்கி நின்று, மலையைப் படமெடுத்து வந்து அவர் திரையில் வைத்தேன். கல்லும் முள்ளும் கொஞ்சம் பச்சையும் கோயில் மதிலும் ஒரு மின் கம்பமும். அந்தப் பழைய படத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவர் கிட்டே போய்ப் பார்த்தார். "நான் அன்னிக்குச் சொன்னது இதான்" என்றார். ஓய்வு பெறும்வரை அந்தப் படம் இருந்தது. இப்போது அவர் இல்லை.

சர்க்குலர்கள் பிறப்பதே மாறுவதற்குத்தான். சில வருஷத்தில் பழையபடி விண்டோஸுக்கே எல்லாம் திரும்பிற்று. நானும் எதிர்க்கவில்லை, வயதாகிவிட்டது. ஸ்டெல்லா மட்டும் தன் மிஷினைத் தொட விடவில்லை. பென்குயின்மேல் பாசமா என்று ஒருமுறை கேட்டேன். "பென்குயின் எப்டி இருக்கும்னே எனக்குத் தெரியாது சார். வழி பழகிப்போச்சு, அவ்ளோதான்" என்றார். கட்சி என்றால் இதுதான் கட்சி என்று நினைத்துக்கொண்டேன். பேனர் கட்டியவர்கள் எல்லாம் கலைந்துபோக, ஓட்டுப் போட்டவர் மட்டும் மாறவில்லை.

பிரவீன் கூப்பிட்ட அன்று அந்தப் பழைய மிஷின் முன்னால் போய் நின்றேன். மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பிப்போயிருந்தன. இனி அது தேறாது என்று பிரவீன் சொன்னது சரி. புது மிஷின் மேசைமேல் அட்டைப்பெட்டியில் இருந்தது. ஸ்டெல்லா இப்போது பதிவுப் பிரிவுக்கே தலைமை. நெற்றிப் பக்கம் நரை. குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"வாங்க சார். வூட்ல இப்போ இன்னா மிஷின் வெச்சிகினுகீறீங்க?"

இதைக் கேட்பார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் ஓய்வு வாங்கிய நாளில் சங்கத்தில் எனக்குக் கொடுத்த லேப்டாப் விண்டோஸ். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று... அப்படியே கிடக்கிறது. சொன்னேன். அவர் பிரவீன் பக்கம் திரும்பி, "கேட்டுக்கோ" என்றார்.

புது மிஷினில் எதைப் போடுவது? இரண்டிலும் பேசும். விண்டோஸ் போட்டால், நாளைக்கு ஒன்றென்றால் பிரவீனால் பார்க்க முடியும். பென்குயினைப் போட்டால் ஸ்டெல்லாவின் விரல்களுக்கு வழி தெரியும். ஆனால் எனக்கு முட்டிவலி என்றால் அதைப் பார்க்க ஆளில்லை. பிரவீன் ஒன்றைச் சொன்னான், நான் மற்றதைச் சொன்னேன். இரண்டு நிமிஷத்தில் நான் மறுபடியும் ஏனாத்தூர்த் தயிர் சாத வேகத்துக்கு வந்துவிட்டேன்.

"நிறுத்துங்க" என்றார் ஸ்டெல்லா. "உங்கள கேட்டா உங்க சாமியச் சொல்லுவீங்க. அவனக் கேட்டா அவன் சாமியச் சொல்லுவான். வழி தவறிப் போனா நான்தான் தேடிக்கினு நிக்கணும். தம்பி, ரெண்டு சீட்டு எழுது. அந்தக் கொடத்த எடுத்துக்கினு வா."

பிரவீன் என்னைப் பார்த்தான். எழுது என்று தலையசைத்தேன். எழுதி மடித்துப் போட்டுவிட்டு, எதுவானாலும் கனெக்‌ஷன் கொடுக்கத்தானே வேண்டுமென்று மேசைக்கடியில் போய் ஒயரைத் தேட ஆரம்பித்தான். பிளாஸ்டிக் குடம் இப்போது நீலம். ஸ்டெல்லா கையை விட்டார். இரண்டே சீட்டு, ஆனாலும் அன்றைக்குப் போலவே துழாவினார். ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்க படிங்க."

பிரித்தேன். பிரவீனின் கோணல் எழுத்தில், விண்டோஸ்.

மேசைக்கடியிலிருந்து பிரவீனின் கால் மட்டும் தெரிந்தது. அறையில் வேறு யாருமில்லை. சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்தேன். மறுபடியும் முன்பக்கம்.

"விண்டோஸ்" என்றேன்.

ஸ்டெல்லா குடத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு சிரித்தார்.

"சரியாத்தான் சார் படிச்சீங்க. ஆனா தேவராஜன் சாரு இவ்ளோ நேரம் எடுத்துக்கல."